நாத்தக்கொட்டாயில் ஒரு பூஜை

முப்பது நிமிடம் ஆகிவிட்டது. கண்ணாடி உருளையில் எதுவும் அடியில் இறங்கவில்லை.

பிரேமலா கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்திவிட்டு உருளையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒரு லிட்டர் தண்ணீர். வழக்கமாக இதற்குள் பழுப்புச் சகதி கால்பங்கு உயரத்துக்குத் தெளிந்து உட்கார்ந்திருக்கும். அதன் மேல் வெளிறிய தேநீர் நிறத்தில் தண்ணீர் நிற்கும். இப்போது மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கல், அரிசி கழுவிய தண்ணீர் போல. அடியில் ஒரு விரல் நகத்தளவு சாம்பல் நிறம்.

மூன்றாவது தடவையாக மோந்து பார்த்தாள். மழைக்குப் பிந்திய மண்ணின் வாசனை வர வேண்டும். நீச்சல் குளத்தின் வாசனை வந்தது.

பின்னால் புளோவர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியிலிருந்து இரவும் பகலும் காற்றைக் கொப்பளிக்க வைக்கும் இயந்திரம். அதன் சாம்பல் பூச்சின் மேல் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம். காற்று இழுக்கும் வாயின் கம்பியில் செவ்வந்திச் சரம். தொட்டிக்கு ஏறும் இரும்புப் படியில் இருபுறமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. தரையில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள், பூசணி விதைகள்.

தொட்டியின் உள்சுவர் வெள்ளையாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் பிரேமலா அந்தச் சுவரைப் பார்த்ததே இல்லை.

செல்லப்பன் அப்போதுதான் வந்தார். சாமான் அறையைப் பார்த்துக்கொள்பவர். ஐம்பத்தெட்டு வயது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு இந்தத் தொழிற்சாலையில் பூசணி உடைப்பது அவர்தான். இரண்டு நாள் அவள் ஜொகூர் பாருவில் கழிவுநீர்ச் சான்றிதழுக்குத் தேர்வு எழுதப் போயிருந்தபோது தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்ததும் அவரிடம்தான்.

"பரிச்ச எப்படி?"

"எழுதிட்டேன்ணே."

"பாத்தியா? இந்த வருசம் உன் பக்கத்துக்கும் வந்துட்டோம்லா. பொம்பளைங்க எல்லாரும் வந்தாங்க. மூக்கப் பொத்திக்கிட்டு வந்தாங்க, ஆனா வந்தாங்க."

"புளோவர எப்ப நிறுத்தினீங்க?"

"புதன்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு. பூச முடிஞ்சி மெஷினுக்கு ஓய்வு குடுக்கணும்ல. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நல்ல நேரம், தொறந்து விட்டுட்டேன்."

"தொட்டிய கழுவுனீங்களா?"

"ஓரமெல்லாம் வழுவழுன்னு பாசி. சாமி கும்புடுற எடம் அப்படியா இருக்கறது? டின் கழுவுற குளோரின் ரெண்டு தோங் பீப்பா எடுத்து நல்லா தேச்சி..."

அவள் முகத்தைப் பார்த்து அவர் நிறுத்திக்கொண்டார். தேய்த்த தண்ணீர் எங்கே போனது என்று அவள் கேட்கவில்லை. அது தொட்டிக்குள்தான் போயிருக்க முடியும்.

*

பெக்கான் நானாஸில் உள்ள அந்தத் தொழிற்சாலை அன்னாசியை டின்னில் அடைக்கிறது. பழம் சீவும்போதும் கழுவும்போதும் வழிகிற சாறு புளிப்பும் சர்க்கரையுமாக ஓடி வருகிறது. அதை அப்படியே வெளிக்கால்வாயில் விட்டால் ஆற்றுத் தண்ணீரில் காற்று தீர்ந்துபோகும். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். அதனால் தொழிற்சாலையின் பின்புறம் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. முதல் தொட்டி சேர்த்து வைக்கும். இரண்டாவதில் சுண்ணாம்பு கலந்து புளிப்பை முறிக்க வேண்டும். மூன்றாவதில் காற்று. அங்கே சகதியாகத் தெரிவது உண்மையில் உயிர். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் காற்றைக் குடித்துக்கொண்டு சர்க்கரையைத் தின்னும். தின்று முடித்த தண்ணீர் நான்காவதில் தெளிந்து, ஒரு சிறு மதகு வழியாக வெளியே போகும்.

கொதிகலன் பரிசோதனைக்காக ஆலை ஒன்பது நாள் மூடியிருந்தது. பழம் இல்லை, சாறு இல்லை. பூச்சிகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று பிரேமலா முன்கூட்டியே பீப்பாய்களில் சாறு பிடித்து வைத்திருந்தாள். காலையில் இரண்டு வாளி ஊற்றினால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று செல்லப்பனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் இரண்டு வாளி ஊற்றினார். அதைச் சரியாகத்தான் செய்தார்.

மேலாளர் கோ எட்டரைக்கு வந்தார். அவர் அவளோடு மலாயில் பேசுவார், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போவார். அன்று மலாயிலேயே பேசினார். திங்கட்கிழமை காலை பதினெட்டு லோரி பழம் வருகிறது, நிறுத்த முடியாது என்றார். இரண்டு வருடமாகத் தலைமை அலுவலகம் பாசிர் கூடாங்கில் உள்ள ஒரு குத்தகைக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்கச் சொல்கிறது, அவர்களிடம் சான்றிதழ் வாங்கிய ஆள் இருக்கிறார், உன் தேர்வு முடியட்டும் என்று சொல்லிச் சொல்லி நான் தள்ளி வைத்திருக்கிறேன் என்றார். திங்கட்கிழமை தொட்டி பழத்தை ஏற்கவில்லை என்றால் தள்ளி வைக்க இனி காரணம் இல்லை. செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். அவள் பழையபடி சீவும் வரிசைக்குப் போக வேண்டியதுதான். சம்பளம் குறையாது.

போகும்போது நான்காவது தொட்டியின் பின்னால் இருந்த பழைய வால்வைப் பார்த்தார். முதல் தொட்டியிலிருந்து நேராகக் கால்வாய்க்குப் போகும் குழாய் அது. தொட்டிகள் கட்டிய வருடம் கம்பி சுற்றி மூடியது. கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான்.

*

பிரேமலா பதினெட்டு வயதில் அந்த ஆலைக்கு வந்தாள். சீவும் வரிசையில் பதினைந்து வருடம். இயந்திரம் தோலை உரித்துத் தள்ளும் பழத்தில் கண்கள் மிஞ்சியிருக்கும். கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு பழம். கையுறை போட்டாலும் சாறு உள்ளே இறங்கிவிடும். அன்னாசிச் சாறு தோலைத் தின்னும். முதலில் அரிக்கும், பிறகு வெடிக்கும், பிறகு விரல் நுனி வழவழப்பாகிவிடும், ரேகை இருக்காது.

அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில் இயந்திரம் அவள் கட்டைவிரலை எடுத்துக்கொள்ளவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அதிகாரி அவளிடம், உன் வேலை என்ன என்று கேட்டார். அன்னாசி என்றாள். அவர் புரிந்துகொண்டு ஒரு படிவத்தை எடுத்தார். ஆலை வாசலில் விரல் வைத்து உள்ளே போகும் இயந்திரம் வந்தபோதும், சீவும் வரிசைப் பெண்களுக்கு மட்டும் தனியாக அட்டை கொடுத்தார்கள். இன்றும் அப்படித்தான்.

பின்பக்கத் தொட்டிகளுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. அங்கே நாறும். அவள் தூக்கினாள். தொட்டி கட்டிக் கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் நான்கு தடவை வந்தார், ஐந்தாவது தடவை வரவில்லை. அவர் விட்டுப்போன கையேட்டை அகராதி வைத்துப் படித்தாள். மீதியைத் தொட்டியிடமே கேட்டுக்கொண்டாள். நுரை வெள்ளையாக வந்தால் சாறு அதிகம். கறுத்து வந்தால் காற்று குறைவு. பழுப்பு நுரை மெல்லிசாகக் கிடந்தால் வயிறு நிறைந்திருக்கிறது.

ஒரு வருடம் கழித்து ஒரு நாள் வாசல் இயந்திரத்தில் சும்மா கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அன்று அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

வரிசைப் பெண்கள் அந்த இடத்துக்கு நாத்தக்கொட்டாய் என்று பேர் வைத்தார்கள். அவளை நாத்தக்கொட்டா மகாராணி என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில், மகாராணி வந்துட்டாங்க, சன்னலத் தொறங்க என்பாள் ஒருத்தி. அவளும் சிரிப்பாள். ஆயுத பூஜைக்கு முன்கட்டில் உரிக்கும் இயந்திரம், டின் மூடும் இயந்திரம், கொதிகலன், லோரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். பொங்கல் பொட்டலம் பின்னால் வரும், பொட்டு வராது. இரண்டு வருடத்துக்கு முன்னால் செல்லப்பன் பொட்டலம் கொண்டுவந்தபோது அவள் சொன்னாள், முன்னால இருக்கற மெஷினுக்குத்தான் சாமி போல, எங்க பக்கம் குங்குமம்கூட எட்டிப் பாக்காது. விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் அதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை புளோவரின் முன்னால் நின்று, பொட்டைத் துடைக்கலாமா என்று யோசித்தாள். துடைக்கவில்லை. நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். சந்தனம் சீராக இருந்தது.

அவளை அதிகம் தொந்தரவு செய்தது வேறொன்று. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் யாரிடமும், அந்தத் தொட்டியில் இருப்பது உயிர் என்று சொன்னதில்லை. தண்ணி பாத்துட்டு வரேன் என்றுதான் சொல்வாள். சகதியை வளர்க்கிறேன், அதற்குச் சோறு போடுகிறேன் என்று சொன்னால் மகாராணிக்கு இன்னொரு பேர் சேரும். செல்லப்பனுக்கு அது தண்ணீரும் இயந்திரமும். தண்ணீர் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும். இயந்திரம் என்றால் வருடத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். ஓய்வு கொடுத்தார்.

*

வெள்ளிக்கிழமை முழுவதும் வெறும் காற்றை விட்டுக் குளோரினை வெளியேற்றினாள். சோதனைத் தாளில் நிறம் ஏறாமல் நின்றதும் மாசாயில் இருக்கும் சாதிக் பாட்சாவை அழைத்தாள். மீ எனும் நூடுல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கழிவுத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். தேர்வுக்கான வகுப்பில் மூன்று வாரம் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அவர் குடும்பத்தில் எல்லாரும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். எங்க வீட்ல எல்லாரும் சோறு போடுறாங்க, நான் ஒருத்தன்தான் எச்சில பாக்குறேன் என்று வகுப்பில் முதல் நாளே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர்.

"பாய், வீட்ல தயிர் கெட்டுப்போச்சின்னா பக்கத்து வீட்ல உறை மோர் கேப்போம்ல. அந்த மாதிரி ஒண்ணு கேக்கணும்."

"எவ்ளோ வேணும் தங்கச்சி? ஒரு கரண்டியா?"

"ரெண்டு லோரி."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். பூஜையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. உங்க ஆளுங்க மேல தப்பு சொல்ல முடியாது, எங்கிட்டயும் நோன்புப் பெருநாளுக்குக் கழுவிவிடச் சொல்லி ஆள் வந்தான், நான் அன்னைக்கு இருந்தேன், தடுத்தேன் என்றார். கோவும் சாதிக் பாட்சாவின் மேலாளரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சனிக்கிழமை காலை சகதி உறிஞ்சும் லோரி ஒன்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மாசாய்க்குப் போனாள்.

மீ தொழிற்சாலையின் தொட்டி அவளுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது. சாக்லேட் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. அவள் குனிந்து மோந்தாள். மண். இரண்டு நாளில் முதல் தடவையாக அந்த வாசனை. சாதிக் பாட்சா ஒரு குவளையில் மொண்டு காட்டினார். அவர் பார்க்கும் விதம் அவள் பார்ப்பது போலவே இருந்தது, தலையை ஒரு பக்கம் சாய்த்து.

"ஒண்ணு சொல்லிடுறேன் தங்கச்சி. இதுங்க மாவும் எண்ணெயும் தின்னு வளந்ததுங்க. அன்னாசிய கண்டா மொகத்த சுளிக்கும். மொத நாளே தட்டு நெறைய வைக்காதீங்க."

"எத்தன நாள் ஆகும்?"

"பழகுறதுக்கா? ஒரு வாரம் குடுங்க."

"திங்கக்கெழம பழம் வருது."

அவர் குவளையிலிருந்ததைத் திரும்பத் தொட்டியில் ஊற்றினார். பிறகு, அப்ப பாதி வைங்க என்று மட்டும் சொன்னார்.

லோரி இரண்டு நடை போனது. இரண்டாவது நடை வந்து ஊற்றியபோது மாலை நான்கு மணி. வெள்ளைச் சுவரில் பழுப்பு வழிந்தது. வாழைக்கன்றுகள் வாடி மடிந்திருந்தன. செல்லப்பன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவளிடம் அவர் பேசவில்லை. பேச வரும்போதெல்லாம் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது. வேலை இல்லாதபோதும் இருப்பதுபோல் காட்டிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆலையில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. ஏழு மணிக்கு அவள் வந்தபோது செல்லப்பனின் மோட்டார் சைக்கிள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. சுண்ணாம்பு மூட்டைகளைத் தோளில் தூக்கி வந்து இரண்டாவது தொட்டியருகே அடுக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மணிக்கு அரை வாளி சாறு கொடுத்தாள். சுண்ணாம்பில் புளிப்பு முறித்த சாறு, அதோடு ஒரு பிடி யூரியா. அன்னாசியில் சர்க்கரை உண்டு, சத்து கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஊற்றிவிட்டுக் காற்று அளக்கும் கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். எண் இறங்க வேண்டும். உள்ளே இருப்பவை தின்னும்போது காற்றை இழுக்கும். காலையில் எண் அசையவே இல்லை. பதினொரு மணிக்குக் கொஞ்சம் இறங்கியது. ஒரு மணிக்கு மறுபடி நின்றது. அவள் சாறைப் பாதியாகக் குறைத்தாள். மூன்று மணிக்கு இறங்கத் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு தடவையும் இறங்கியது.

அவளிடம் ஒரு பழைய நுண்ணோக்கி இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்டதை வாங்கி வைத்திருந்தாள். நாலரை மணிக்கு ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் வைத்து உட்கார்ந்தாள். நெடுநேரம் நகர்த்திக்கொண்டே இருந்தாள். பெரும்பாலும் குப்பை. சாம்பல் நிறத் துணுக்குகள், அசையாத நூல்கள். பிறகு ஓர் ஓரத்தில், சகதித் துணுக்கு ஒன்றைப் பற்றிக்கொண்டு மெல்லிய காம்பின் நுனியில் ஒரு மணி. தலைகீழாக நிறுத்திய கோவில் மணி போல. அதன் வாயைச் சுற்றி முடிகள் சுழன்றுகொண்டிருந்தன. எதையோ உள்ளே இழுத்தது. சட்டென்று காம்பு சுருளாக மடங்கியது. பிறகு மெதுவாக நீண்டது.

அதற்குப் புத்தகத்தில் நீளமான பேர் ஒன்று உண்டு. தேர்வில் அந்தப் பேர் நினைவுக்கு வராமல் படம் வரைந்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கு அது மணி. நல்ல நாளில் ஒரு துளியில் முப்பது நாற்பது மணி இருக்கும். இப்போது ஒன்று.

"அண்ணே, இங்க வாங்க."

செல்லப்பன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அசையாமல் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னாது?"

"இதுதான் தொட்டி."

"உசுரா?"

"ஆமா. கோடிக்கணக்குல இருந்திச்சி."

அவர் கண்ணை எடுக்கவில்லை. காம்பு மடங்கியிருக்க வேண்டும், அவர் உடம்பு லேசாகப் பின்வாங்கியது.

"இதுக்கா நான் குளோரின் ஊத்துனேன்."

அவள் யூரியா பையின் வாயைக் கட்டி ஓரமாக வைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல பிரேமா."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சிருப்போம்." அவர் நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. "ஊத்தியிருக்க மாட்டோம்."

*

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு உருளையில் தண்ணீர் எடுத்து வைத்தாள். முப்பது நிமிடத்தில் தொண்ணூறு மில்லிக்குச் சகதி இறங்கியது. மேலே இன்னும் கலங்கல்தான், ஆனால் உருளைக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. நல்ல நாளில் இருநூற்றைம்பது. கணக்குப் போட்டாள். பதினெட்டு லோரிச் சாறு வந்தால் மதியத்துக்குள் எல்லாம் செத்துவிடும். ஒன்பது வந்தால் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

முடியும் என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை லோரியில் திரும்பி வரும்போதே அது அவளுக்குத் தோன்றியிருந்தது. முடியும் என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக்கு முதல் தொட்டி நிரம்பும்போது பழைய வால்வின் கம்பியை அறுத்தால் போதும். கால்வாய் புதருக்குள் ஓடுகிறது. இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று நாள். அதற்குள் தொட்டி எழுந்துவிடும். யாருக்கும் தெரியாது. குத்தகைக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைத்தான் பார்ப்பார். சான்றிதழ் வரும். அவள் விரல் அவளிடமே இருக்கும்.

அந்த யோசனையை அவள் உடனே தள்ளிவிட்டாள் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் அதைக் கூடவே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எண் இறங்காமல் நின்றபோது எழுந்துபோய் வால்வின் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். துருப்பிடித்திருந்தது. சாதாரணக் குறடு போதும்.

ஏழேகாலுக்குக் கோ வந்தார். வாசலில் லோரிகள் வரிசையாக நின்றன. அன்னாசி வாசனை பின்கட்டு வரை வந்துவிட்டது.

போலே? என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்தான்.

பாதி என்றாள். ஒரு வரிசை மட்டும் ஓடலாம். ஒன்பது லோரி. மீதியை நாளைக்குத்தான் எடுக்க முடியும்.

ஒன்பது லோரிப் பழம் வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். பதினைந்து வருடம் பழம் சீவியிருக்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு என்ன சொல்வது என்றார். அவள் மடித்து வைத்திருந்த படிவத்தைக் கொடுத்தாள். சம்பவ அறிக்கை. புளோவர் இருபத்து மூன்று மணி நேரம் நிறுத்தப்பட்டது, குளோரின் தொட்டியில் கலந்தது என்று எழுதியிருந்தாள். காரணம் என்ற இடத்தில், நிறுத்தக் கூடாது என்று அங்கே எழுதி ஒட்டவில்லை, மாற்று ஆளுக்கு விளக்கவில்லை என்றிருந்தது. பொறுப்பு என்ற இடத்தில் அவள் பேர்.

கோ அதைப் படித்தார். யார் நிறுத்தியது என்று கேட்டார். பொட்டு வைத்த புளோவர் அவர் கண்ணெதிரில்தான் இருந்தது. அவருக்கும் தெரியும். நான் எழுதி ஒட்டியிருந்தால் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்றாள்.

அவர் வாசலைப் பார்த்தார், பழைய வால்வைப் பார்த்தார். கைபேசியை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, ஒரு வரிசை என்றார். நாளைக் காலை குத்தகைக்காரர் வருவார், வரட்டும், தொட்டியைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதைக் கேட்கிறேன் என்றார்.

எட்டு மணிக்கு ஒரு வரிசை ஓடத் தொடங்கியது. எட்டரைக்குச் சாறு வந்தது. அவள் மதகை மூடி வைத்தாள்.

*

செவ்வாய்க்கிழமை ஆறேமுக்காலுக்குப் பிரேமலா வேலைக்கு வந்தாள். வாசலில் கட்டைவிரலை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது. உருளையில் நூற்றுப் பத்து. ஒரு துளியில் நான்கு மணி. நான்காவது தொட்டித் தண்ணீரின் அழுக்கு அளவு இருநூற்றுப் பதினான்கு என்று காட்டியது. வரம்பு இருநூறு. மதகைத் திறக்காமல் அந்தத் தண்ணீரை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பினாள்.

ஒன்பதரைக்குக் குத்தகைக்காரரும் அவருடைய பொறியாளரும் வந்தார்கள். நாடா வைத்துத் தொட்டிகளை அளந்தார்கள். பொறியாளர் உருளையைப் பார்த்துவிட்டு, போன வாரம் செத்த தொட்டியா இது என்று அவளிடம் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் கோவிடம் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் போன பிறகு கோ வந்து, தேர்வு முடிவு வரும்வரை ஒன்றும் மாற்றப்போவதில்லை என்றார். முடிவு மூன்று வாரத்தில் வரும்.

நின்றிருந்த ஒன்பது லோரியில் இரண்டு லோரிப் பழம் புளித்துப்போய் உரக்குழிக்குப் போனது. சீவும் வரிசையில் இருவர் வரவில்லை. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவளைக் கூப்பிட்டார்கள், போய்ச் சீவினாள். மகாராணி வந்துட்டாங்க என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தி தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு மறுபடி அளந்தபோது அழுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. மதகைத் திறந்தாள். தண்ணீர் கால்வாயில் போனது.

செல்லப்பன் ஒரு தகரப் பலகை கொண்டுவந்து புளோவரின் மேல் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். தமிழிலும் மலாயிலும் சிவப்புச் சாயத்தில் அவரே எழுதியது. நிறுத்தாதே, உள்ளே உயிர் இருக்கிறது. பூஜை நாளிலும் என்று கீழே சின்னதாக ஒரு வரி.

ஐந்தரைக்கு மழை பெய்தது. ஆறு மணிக்கு அவள் வீட்டுக்குப் போனாள்.